யார் போட்ட காபி

அத்தியாயம் 9

ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள் விஜயலட்சுமி. உள்ளே இருந்தது ஒரு மடக்குக்குக் காணாது. சனிக்கிழமை வந்த காபி, ஞாயிறைத் தாண்டி திங்கள் சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நேற்றுக் கோட்டை விட்டாள். மாமனாரைப் பார்க்க வந்த யாரோ ஒருவரிடம், "எங்க மருமவ போட்ட காப்பி, ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்று அவர் சொன்னதும், தலைகால் புரியாமல் அந்த ஆளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

புருஷன் வெங்கடேசனை அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம் என்றால், அவன் விடிந்ததும் சின்னசேலத்துக்குப் போய்விட்டான். அங்கே உர மூட்டை லோடு இறங்குகிறதாம். கள்ளக்குறிச்சிப் பக்கமே இன்றைக்கு அவன் தலைவைத்துப் படுக்கப்போவதில்லை.

இந்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதல் தடவையாக வருகிறீர்கள் என்றால், வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். நடந்ததைச் சொல்லி உள்ளே அழைத்துப் போகிறேன்.

நைனார்பாளையம் கண்ணாயிரத்துக்குக் கரும்பும் மரவள்ளியும் போட நிலம் உண்டு. மனைவி ஆண்டாள் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகன் வெங்கடேசன், கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை. மகள் சுபஸ்ரீ, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜானைக் கட்டிக்கொண்டாள். ஜான் வேதக்காரப் பையன், வெள்ளிமலையில் வாத்தியார். ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் குடித்தனம் வைத்தார்கள். அன்றைக்குக் கண்ணாயிரம், பங்காளிகள் எல்லாரும் கூடி நிற்க, தெருவில் வைத்துச் சொன்னார்: "இனிமே அவ கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சா நான் கண்ணாயிரம் இல்ல." அந்த வார்த்தையை நம்பித்தான் பங்காளிகள் இன்றைக்கும் நல்லது கெட்டதுக்கு அவர் வீட்டுப் படி ஏறுகிறார்கள்.

இந்த வருஷம் கண்ணாயிரத்துக்குத் தொண்டையில் கட்டி வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தங்கிக் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்துக்கொண்டு திரும்பினார். கட்டி கரைந்தது, தொண்டை வெந்துபோனது. சூடாக எதுவும் இறங்கவில்லை. காபியில்தான் உயிர் வாழ்கிறார் என்று ஊரே கேலி பேசிய மனுஷன், சூடான டம்ளரைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டார். காபி போனதோடு சாப்பாட்டு ஆசையும் போய்விட்டது. சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. "சில்லுன்னு எது எறங்குதோ குடுங்க, அதப் புடிச்சுக்கினு மத்ததெல்லாம் எறங்கும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் வாயிலிருந்து இதைக் கேட்ட சுபஸ்ரீதான், அடுப்பே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரில் காபி இறக்கும் வித்தையைச் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். வெள்ளிமலையில் வீட்டோரம் காபிச் செடி வைத்திருக்கிறவர்களிடமிருந்து ஜான் கொட்டை வாங்கி வந்தான். அவள் அதை வறுத்து, உடைத்து, கண்ணாடி ஜக்கில் ஊறவைத்து, வடிகட்டிக் கொடுக்க, வெங்கடேசன் தினமும் பாட்டிலில் வாங்கி வந்தான். அந்தக் காபி இறங்கியது. அதைக் குடித்த கையோடு கண்ணாயிரம் நாலு வாய் குழைந்த சோறும் சாப்பிட ஆரம்பித்தார்.

யார் போட்டது என்று அவர் கேட்ட முதல் நாள், "நான்தான் மாமா" என்றாள் விஜயலட்சுமி. உண்மையைச் சொன்னால் துப்பிவிடுவாரே என்ற பயம். அன்று ராத்திரியே சுபஸ்ரீ போனில், "நான் போட்டதுன்னு சொன்னீங்களா அண்ணி?" என்று அழுதபோது, "சொன்னேன் சுபா, ஒண்ணுஞ் சொல்லல, குடிச்சாரு" என்றாள். இரண்டு பொய்யும் இரக்கத்தில் பிறந்தவை. அதோடு நின்றிருந்தால் நானும் அவள் கட்சிதான்.

ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாதவள் அவள். உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி என்பதைத் தவிர அவர் அவளிடம் பேசியதே இல்லை. இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க மருமவ" என்கிறார். அந்தப் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தாள். டவுனில் வாங்கிய ஃபில்டர் காபித்தூளைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி வைத்தாள். விடிந்து பார்த்தால் சேறு. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவில்லை. காபிதான் சும்மா வருகிறதே.

வாருங்கள், உள்ளே போகலாம். விஜயலட்சுமி போனை எடுத்துவிட்டாள்.

"சுபா, உங்கண்ணன் இன்னைக்கு அந்தப் பக்கம் வரல. காப்பி தீந்துபோச்சு. பஸ்ஸுல கண்டக்டரு கையில குடுத்து வுடுறியா, நான் ஸ்டாப்பிங்ல நின்னு வாங்கிக்கிறேன்."

"பாட்டிலு உங்ககிட்ட இருக்குது. எதுல குடுத்து வுடறது?"

"எதுனா ஒண்ணுல ஊத்திக் குடு."

மறுமுனையில் சுபஸ்ரீ சிரிக்கிற மாதிரி இருந்தது.

"அண்ணி, கண்டக்டரு எதுக்கு? ஜக்கோட நானே எடுத்தாரேன்."

விஜயலட்சுமி அவசரமாகக் குறுக்கிட்டாள். "இன்னைக்கு வேணாம் சுபா. வீரமுத்து மாமா பத்திரிக வைக்க வராரு. கமலாவுக்குக் கல்யாணம்ல."

"வரட்டுமே. பெரியப்பா எதிர்லதான அப்பா தண்ணி குடிக்க மாட்டேன்னாரு? அவரு எதிர்லயே குடிக்கட்டும். நான் போட்டதுன்னு தெரிஞ்சுதான இத்தினி நாளாக் குடிக்கிறாரு. உள்ளுக்குள்ள கோவம் தீந்துபோச்சு அண்ணி, கூப்புடறதுக்குத்தான் வாய் வரல அவருக்கு. நானே வந்துட்டா சரியாப் பூடும்."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாது சுபா, நான் சொல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை. விஜயலட்சுமியின் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை அவள் விழுங்கினாள். சொன்னால் இந்தப் பெண் அழுவாள், ஒருவேளை காபியையே நிறுத்திவிடுவாள், அப்புறம் 'எங்க மருமவ' என்ன ஆவாள்? இந்த மூன்றில் எந்தப் பயம் பெரியது என்று கேட்டால் அவளாலேயே சொல்லமுடியாது.

"சாயந்தரமா வாயேன்" என்றாள்.

"ஜானு மலைக்குப் போயிட்டாரு. நான் சும்மாதான் இருக்கேன். கெளம்பிட்டேன் அண்ணி" என்று போனை வைத்துவிட்டாள் சுபஸ்ரீ.

ராகு காலம் கழிந்து, பங்காளிகளில் மூத்தவரான வீரமுத்து வந்தார், மனைவியோடு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மகள் கமலாவின் கல்யாணப் பத்திரிகை. வேட்டி சலசலக்க உட்கார்ந்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த தம்பி முறைக்காரர் கண்ணாயிரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"போன மாசத்துக்கு இப்ப தேவல. மூஞ்சியில கொஞ்சம் ரத்தம் வந்திருக்குது. இன்னாப்பா மருந்து?"

"மருந்து இன்னா மருந்து" என்றார் கண்ணாயிரம். குரல் கரகரத்தது. "மருமவ காப்பிதான். அடுப்புல வைக்காம சில்லுனு போட்டுக் குடுக்குது. அதக் குடிச்சாத்தான் சோறு எறங்குது."

வந்தவர்களுக்கு எல்லார் வீட்டிலும் போடுகிற சூடான காபியைக் கொண்டுவந்து வைத்தாள் விஜயலட்சுமி. கண் வாசலிலேயே இருந்தது. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தாள். தெருமுனைக்கு ஓடிப்போய் அவளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று நினைத்தாள். பத்திரிகை வைக்க வந்தவர்களை விட்டுவிட்டு மருமகள் எங்கே ஓடுவது?

வீரமுத்துவின் மனைவிக்குச் சர்க்கரை போடாத காபி ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அது எப்படிம்மா, அடுப்புல வைக்காம காப்பி? எங்க வூட்டுலயும் வயித்தெரிச்சல்காரரு ஒருத்தரு கீறாரு. சொல்லு, கேட்டுக்கினு போறேன்."

"சொல்லு, சொல்லு" என்றார் கண்ணாயிரமும்.

விஜயலட்சுமி சொன்னாள். வேறு வழி இல்லை. சுபஸ்ரீ போனில் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தாள்.

"கடத் தூளு ஆவாதுங்க பெரியத்த. கொட்டயா வாங்கி மிக்சியில ரவ பதத்துக்கு ஒடைக்கணும். மாவாட்டம் அரைச்சா கசடு எறங்கி வாயில நிக்கும். ஒரு டம்ளர் தூளுக்கு அஞ்சு டம்ளர் தண்ணி. பாத்திரம் மட்டும் கண்ணாடியா இருக்கணும். எவர்சில்வர் தூக்குல வச்சா கொழம்பு வாசன ஏறிடும். கண்ணாடி ஜக்குன்னா வாசன புடிக்காது, நெறமும் வெளியவே தெரியும்."

"அப்புறம்?"

"தூளு மேல மெதக்கும். மரக்கரண்டியால மெதுவா அமுக்கி வுடணும், கலக்கக் கூடாது. கலக்கினா கசப்பு வந்துடும். மூடி ஃபிரிட்ஜில வச்சுட்டு ராப்பொழுது பூரா திரும்பிப் பாக்கக் கூடாது. காலைல துணியில ரெண்டு தடவ வடிகட்டணும். துணியப் புழியவே கூடாது, தானா சொட்டட்டும். நமக்கு அவசரம்னு அதப் புழிஞ்சா, அதுவும்—"

"அதுவும் நம்ம மேல கோவப்பட்டுக் கசப்பக் கக்கிடும்."

சொல்லி முடித்தது வாசலில் நின்ற சுபஸ்ரீ.

புதுப் புடவை கட்டியிருந்தாள். துண்டில் சுற்றிய கண்ணாடி ஜக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பஸ் குலுக்கலில் கொஞ்சம் சிந்தி, புடவை மடிப்பில் கறை பட்டிருந்தது. அவள் முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. தான் கேட்டது என்ன என்று யோசிக்கிற முகம்.

"நான் சொன்னதுல்ல அண்ணி அது?" என்றாள்.

வீரமுத்துவின் மனைவி பிடித்திருந்த கையை விட்டாள். வீரமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாயிரம் மகளைப் பார்த்தார். உடனே பார்வையை எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, பெற்ற பெண்ணை அவர் பார்த்தது அவ்வளவுதான்.

"அப்பா" என்றாள் சுபஸ்ரீ. "காப்பி எடுத்தாந்தேன். அண்ணன் இன்னைக்கு வரலன்னாங்க, அதான் நானே வந்தேன்."

அவள் ஒரு அடி உள்ளே வந்தாள்.

"தெனமும் நான் போட்டுக் குடுத்தனுப்பறதுதானப்பா. நீங்க குடிக்கிறீங்கன்னு அண்ணி சொன்னாங்க. நான் போட்டதுன்னு தெரிஞ்சே குடிக்கிறீங்கன்னு சொன்னாங்க. அதனாலதாம்ப்பா வந்தேன், இல்லன்னா வந்திருக்க மாட்டேன்."

வீரமுத்து தொண்டையைக் கனைத்தார். தாம்பாளத்தைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்துக்கொண்டார். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"கண்ணாயிரம், இது இன்னாப்பா பேச்சு?" என்றார்.

கண்ணாயிரம் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விஜயா. எனக்குக் காப்பி நீதான போடற?"

எல்லார் கண்ணும் அவள் மேல் விழுந்தது. மாமனார் மட்டும் பார்க்கவில்லை. விஜயலட்சுமி தரையைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், சுபஸ்ரீயின் புடவையில் இருந்த கறையைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் மாமனாரின் வார்த்தை தெருவுக்குப் போகும். வீரமுத்து தாம்பாளத்தோடு எழுந்துவிடுவார். இந்த வீட்டுக்கு இனி பத்திரிகை வராது, நாளைக்கு இங்கே ஒரு சாவு விழுந்தாலும் தூக்க ஆள் வராது. ஆமாம் என்று சொன்னால் இந்தப் பெண் ஒருத்தியோடு போயிற்று.

"ஆமாங்க மாமா. நான்தான் போடறேன்" என்றாள்.

சுபஸ்ரீ ஒரு கூச்சலும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அண்ணியை நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். ஜக்கை ஸ்டூல் மேல் வைத்து, சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து எடுத்து மடித்துக்கொண்டாள்.

"கமலாவக் கேட்டதாச் சொல்லுங்க பெரிம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தெருவில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு வீரமுத்து, தாம்பாளத்தைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, "குடும்பத்தோட முன்னாடி நாளே வந்துடணும்" என்று பத்திரிகையை எடுத்து நீட்டினார். கண்ணாயிரம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. விஜயலட்சுமி சோறு குழைத்தாள், ரசம் ஆறவைத்தாள். எதைத் தொட்டாலும் சுபஸ்ரீ பார்த்த பார்வைதான் எதிரே நின்றது. ஏமாந்தவளை நாலு பேர் எதிரில் பொய்க்காரியாகவும் ஆக்கி அனுப்பியாயிற்று. ஒரு நாளில் ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன செய்வது?

வெயில் சாய்ந்ததும் மாமனார் கூப்பிட்டார்.

"காப்பி."

வீட்டில் இருந்தது அந்த ஜக் ஒன்றுதான். அதை எடுத்து டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்ணாயிரம் வாங்கினார். ஒரு வாய் உறிஞ்சி, வாயிலேயே வைத்திருந்து, மெதுவாக இறக்கினார். கழுத்து எலும்பு ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய். அவர் முகத்தில் அப்படியொரு அமைதியைப் பார்த்ததும் விஜயலட்சுமிக்குத் தாங்கவில்லை.

"மாமா" என்றாள். அழுகை முந்திக்கொண்டது. "என்ன மன்னிச்சுடுங்க. அது நான் போட்டது இல்ல. இன்னைக்கு மட்டும் இல்ல, ஒரு நாளும் நான் போடல. எல்லாம் சுபா போட்டது. அந்தப் பொண்ணு சொன்னதுதான் நெசம். நான்தான் உங்ககிட்டயும் பொய் சொன்னேன், அதுகிட்டயும் பொய் சொன்னேன்."

கண்ணாயிரம் கண்ணைத் திறந்தார். டம்ளர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. கோபப்படுவார், டம்ளரை வீசியெறிவார் என்று அவள் சுவரோரம் ஒதுங்கினாள். அவர் அதைச் செய்யவில்லை. டம்ளரை மெதுவாகக் கொண்டுபோய் ஸ்டூல் மேல் வைத்தார்.

"உன்ன யாரு இத இப்ப சொல்லச் சொன்னது?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"திங்கக்கிழமயானா டம்ளர்ல கம்மியாவுது. ஞாயித்துக்கிழம வெங்கடேசன் டவுனுக்குப் போவல, அதனால கம்மியாவுது. இதக் கண்டுபுடிக்க வக்கீலா வரணும்? நீ போட்டத ஒருநாள் குடிச்சேனே. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாமயா இருப்பேன்?"

"அப்ப... தெரிஞ்சுதான் குடிச்சீங்களா?"

"தெரிஞ்சா இன்னா? யாரும் சொல்லல. நீ உன்துன்னு சொன்ன, நான் உன்துன்னு குடிச்சேன். அந்தக் கணக்கு அப்படியே ஓடிக்கினு இருந்துது." பேசப் பேச அவருக்கு மூச்சு வாங்கியது. "காலைல வீரமுத்து அண்ணன் எதிர்ல உன்ன எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச? நீ ஆமான்னு சொல்லணும்னுதான் கேட்டேன். நீயும் சொன்ன. அப்பாடான்னு இருந்துது."

"அந்தப் பொண்ணு மனசொடஞ்சு போச்சே மாமா."

"போச்சு." அவர் குரல் உடைந்தது. தொண்டைப் புண்ணா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. "என் பொண்ணு எனக்குத் தெரியும். கோவிச்சுக்கும், நாலு நாளு பேசாது. ஆனா காப்பி அனுப்பிடும். நானும் குடிச்சுக்கினு கெடந்திருப்பேன். எத்தினி நாளோ எனக்கு, அது வரைக்கும்."

விஜயலட்சுமி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பவும் யாருக்கும் தெரியாது மாமா. நான் செத்தாலும் வெளிய சொல்ல மாட்டேன். குடிங்க மாமா. பாதி அப்படியே கீது."

"என் காதுல போட்டுட்டியே" என்றார் கண்ணாயிரம். திட்டவில்லை, சலித்துக்கொண்டார். "என் வாயால சொன்ன வார்த்த. தெரியாதவனாட்டம் இருந்துக்கினு குடிக்கலாம். நீ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்ட அப்புறம் எப்படிக் குடிக்கிறது? நீயும் எதிர்ல நின்னு பாத்துக்கினு இருப்ப."

"அந்த வார்த்தய வுட்டுடுங்களேன் மாமா. பெத்த பொண்ணுதான?"

அவர் அலமாரி மேல் வைத்திருந்த மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பார்த்தார். ஊரை விட்டுக்கொடுக்கவும் அவரால் ஆகாது. பெண்ணை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை அவள் வந்து அடைத்துவிட்டாள். நல்லவளாக வேண்டும் என்று அவள் நினைத்த ஒரே நாளில் இப்படியா ஆக வேண்டும் என்று எனக்கே அவள் மேல் பரிதாபமாகத்தான் இருக்கிறது.

"எடுத்துக்கினு போ. இனிமே எனக்குக் காப்பி வேணாம்" என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் குழைத்து வைத்த சோற்றை அன்று அவர் தொடவில்லை. ஒரு கரண்டி ஊட்டிப் பார்த்தாள். உதட்டோரம் வழிந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வெங்கடேசன் வந்தான். உரத் தூசியோடு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டான். வழக்கமாகக் கத்துகிறவன், கத்தவில்லை.

"பொய் சொல்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேக்கல. சரி. நெசத்தச் சொல்றதுக்கு முன்னாடியாவது கேட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு, அப்பா படுத்திருந்த கட்டிலை எட்டிப் பார்த்தான். அவர் முதுகெலும்பு பனியனுக்கு மேல் வரிசையாகத் தெரிந்தது. அவன் சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவன் செல்போன் அடித்தது. எடுத்துப் பேசி, இரண்டு 'ம்' சொல்லி, அவளிடம் நீட்டினான்.

"சுபா. உன்கிட்ட பேசணுமாம்."

விஜயலட்சுமி போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். திட்டு வாங்கினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றுகூட இருந்தது.

"அண்ணி" என்றாள் சுபஸ்ரீ. அழுது ஓய்ந்த குரல். "காலைல உங்க மேல ஆத்திரமாத்தான் இருந்துது. பஸ்ஸுல வரும்போது பூரா உங்களத் திட்டிக்கினே வந்தேன். வூட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சா, நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா அப்பா காப்பிய வுட்டிருப்பாருல்ல?"

விஜயலட்சுமி கூடத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதனால நீங்க போட்டதாவே இருக்கட்டும் அண்ணி. எனக்கு ஒண்ணுமில்ல. யாரு பேர்ல போனா இன்னா, அவரு வயித்துக்குப் போவுதுல்ல. நான் இனிமே அங்க வரல. அவருகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, சொன்னா நிறுத்திடுவாரு. எப்பவும் போல அண்ணன அனுப்புங்க. ஜக்கு அங்கயே வுட்டுட்டேன்ல, அதனால ஜானு வரும்போது புதுசா ஒண்ணு வாங்கியாரச் சொல்லி, இப்பத்தான் ஊற வச்சேன்."

"சுபா..."

"இன்னைக்குக் குடிச்சாரா அண்ணி? நான் எடுத்தாந்தத கீழ ஊத்திடலியே?"

ஜக் எதிரிலேயே, மேடை மேல் இருந்தது. பக்கத்தில் பாதி குடித்த டம்ளர். கூடத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அவர் தூங்கவில்லை.

"இல்ல சுபா" என்றாள் விஜயலட்சுமி. "குடிச்சாரு. நல்லாக் குடிச்சாரு."

போனில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. இன்றைக்கு முழுக்க அந்தப் பெண் விடாமல் வைத்திருந்த மூச்சு.

"அப்ப சரி" என்றாள் சுபஸ்ரீ. "கொட்ட இன்னும் கொஞ்சம் கீது. அதையும் ஒடச்சுப் போட்டு, நாளைக்கு ஜாஸ்தியாவே குடுத்து வுடறேன் அண்ணி."